நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கம்

டிரெய்லர் பதினொரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஜெனிஃபருக்கு ஒன்பதரை மணியிலிருந்தே வேலை ஓடவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவள் டெஸ்டர். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் அதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொடுப்பதுதான் அவள் வேலை. அன்று காலை அவள் எதையும் குறிக்கவில்லை. இரண்டு முறை காபி மெஷின் வரை போய், காபி எடுக்காமலே திரும்பி வந்தாள்.

வரப்போவது 'ஏழாயிரம் அடி' படத்தின் டிரெய்லர். தியோடர் என்ற ஓவியர் பதினோரு வருடங்களுக்கு முன் எழுதி வரைந்த கிராஃபிக் நாவல் அது. கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிய, பலராமன் என்கிற தொழிலாளி அடியில் மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள் இறந்துபோகிறான். இருநூற்று நாற்பது பக்கங்கள், முழுக்கக் கறுப்பு வெள்ளை. தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஜெனிஃபர் அதைத் தன் இருபதாவது வயதில் படித்தாள். இப்போது அவளிடம் இருப்பது நான்காவது பிரதி. முதல் மூன்றும் தையல் விட்டுப்போயின.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு வாசகர் குழு இருந்தது. முப்பது பேரோடு தொடங்கியது, படம் எடுக்கிறார்கள் என்றதும் ஒன்பதாயிரம் பேராகிவிட்டது. குழுவை நடத்தியவர்கள் ஜெனிஃபரும் சித்தார்த்தும். சித்தார்த் அல்சூரில் குடியிருந்தான், ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவன் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். ஆனால் படம் விஷயத்தில் இருவரும் எதிரெதிர்க் கட்சி. புத்தகத்தில் இருப்பது அப்படியே வரவேண்டும் என்பது ஜெனிஃபர். அப்படியே வருவதென்றால் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருக்கலாமே, எதற்குப் படம் என்பது அவன்.

குழுவில் எல்லாவற்றுக்கும் சண்டை நடந்தது. படம் கறுப்பு வெள்ளையா கலரா, பலராமன் தங்கவயல் தமிழ் பேசுவானா சினிமாத் தமிழ் பேசுவானா, தலைவிளக்கின் வயர் வலது தோள் வழியாகப் போகிறதா இடது தோளா என்று ஆறு மாதமாக யாரும் ஓயவில்லை. இயக்குநர் கேசவ் முதல் பேட்டியில், புத்தகத்தின் ஒரு படக்கட்டம்கூட மாறாது என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பி ஜெனிஃபர் புத்தகத்தின் ஆயிரத்துச் சொச்சம் கட்டங்களையும் எண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தாள்.

டிரெய்லர் வந்தது. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முப்பத்தொரு காட்சிகளில் முப்பது புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. மிச்சமிருந்த ஒரே காட்சி மூன்று வினாடிதான். சுரங்க வாசலில், மழையில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். பலராமன் மனைவி பூங்காவனமாக நடிக்கும் பெண் அவள்.

புத்தகத்தில் பூங்காவனம் சுரங்க வாசலுக்கு வரவே மாட்டாள். பாறை சரிந்த அன்று சாயங்காலமே, புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியும் முன்பே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு ரயிலேறிவிடுவாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. ஆளில்லாத வீடு, திறந்து கிடக்கும் கதவு, அதன் வழியாக உள்ளே போகும் ஒரு கோழி. ஒரு வரிகூட எழுத்து கிடையாது. ரசிகர்கள் அந்தக் கட்டத்தை டீ-சர்ட்டில் போட்டுக்கொண்டார்கள். கையில் பச்சை குத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

ஜெனிஃபருக்கு அது வேறு மாதிரி. அவள் அப்பா சாமுவேல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய இரண்டாம் வருஷம், அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். பள்ளியிலிருந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. அப்புறம் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அத்தை மட்டும் கோபம் வரும்போதெல்லாம், ஓடிப்போனவ பெத்தது என்பாள். போன ஒருத்தியைத் திட்டாமலும், ஏன் போனாள் என்று விளக்கம் சொல்லாமலும் விட்ட ஒரே பக்கமாக அந்தப் பக்கத்தைத்தான் ஜெனிஃபர் பார்த்திருந்தாள். அதை எடுத்துவிட்டு, மழையில் அழுதுகொண்டு நிற்கும் ஒரு பத்தினியை வைக்கப் போகிறார்கள் என்றதும் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் ஒரு மனு எழுதினாள். கதவைத் திருப்பிக் கொடுங்கள் என்று அதற்குத் தலைப்பு. வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறாதீர்கள், பூங்காவனத்தைச் சினிமா மனைவியாக்காதீர்கள் என்று எழுதியிருந்தாள். சித்தார்த் கையெழுத்துப் போடவில்லை. படம் பார்த்துவிட்டுப் பேசலாமே என்றான். அவனிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். குழுவில் சேஷகிரி என்று ஒருவர், வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர், மனுவைத் தன் சொந்தக் காரியம்போல எடுத்துக்கொண்டு தெரிந்த குழுவுக்கெல்லாம் அனுப்பினார். பத்து நாளில் பதினோராயிரம் பேர் கையெழுத்திட்டார்கள்.

அந்தப் பத்து நாளும் ஜெனிஃபரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கம்பெனி கேப் மேம்பாலத்தில் நின்றுவிட்டால் போனை எடுத்து எண்ணிக்கையைப் பார்ப்பாள். தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி, கண் கெட்டுப்போகும் அக்கா என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். பதினோராம் நாள் காலை தயாரிப்பு நிறுவனம் அறிக்கை விட்டது. வாசகர்கள் கேட்டபடியே படம் புத்தகத்துக்கு முழு விசுவாசமாக வரும், அந்தக் காட்சி நீக்கப்பட்டுத் திறந்த கதவே இடம்பெறும் என்றது அறிக்கை. குழுவில் பட்டாசு வெடிக்காத குறை.

அன்று மாலையே தியோடர் அவளுக்குச் செய்தி அனுப்பினார். பதினோரு வருடங்களில் அவரிடமிருந்து வந்த முதல் செய்தி. ஒரு அரை மணி நேரம் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தர்ஷினி ஓட்டலில் சந்தித்தார்கள். தனியாகப் போகப் பயந்து சித்தார்த்தையும் கூட்டிப்போயிருந்தாள். தியோடருக்கு நாற்பது வயதிருக்கும். நின்றபடியே காபி குடிக்கும் மேஜையில், தம்ளரைத் தொடாமல் பேசினார். திரைக்கதையைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை என்றார்.

“அந்த சீனை மாத்தினது கேசவ் இல்லீங்க. நான்தான். கெஞ்சி மாத்த வெச்சேன்.”

புத்தகம் ஒரு நிஜமான விபத்தை வைத்து வரைந்தது. இறந்தவர் பெயர் ஏகாம்பரம். அவருடைய தம்பிகளிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொன்னபடி வரைந்திருந்தார் தியோடர். புத்தகம் வந்து எட்டு வருஷம் கழித்து மைதிலி என்ற பெண்ணிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் புத்தகத்தில் அம்மா தூக்கிக்கொண்டு போகும் குழந்தை நான்தான், ஆனால் அம்மா போகவில்லை என்று எழுதியிருந்தாள். செத்தவருடைய வேலை பெண்டாட்டி சொல்கிற ஆளுக்குப் போகாமல் தங்களுக்கு வரவேண்டும் என்று தம்பிகள் கட்டிய கதை அது. அவள் அம்மா கிருஷ்ணம்மாள் மூன்று நாளும் சுரங்க வாசலில்தான் நின்றிருந்தாள்.

“அப்பவே புக்கை மாத்தியிருக்கலாமே சார்,” என்றான் சித்தார்த்.

மாற்றியிருக்க வேண்டும்தான் என்று தியோடர் ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்தக் கோழியும் கதவும் பெரிய பெயர் எடுத்துவிட்டன. தப்பு என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. படத்தில் சரிசெய்துவிடலாம், யாருக்கும் உறுத்தாது என்று நினைத்திருந்தார். அவர் ஜெனிஃபரைக் குற்றம் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தியோடரிடம் வாங்கிய முகவரியோடு, ஜெனிஃபர் அத்திபெலேவுக்கு பஸ் ஏறினாள். கிருஷ்ணம்மாள் அங்கே மகள் வீட்டு முன்புறத்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அறுபத்து நான்கு வயது, கெட்டியான உடம்பு. கடை நெரிசலாக இருந்தது. ஜெனிஃபர் தான் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு பார்சல் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நாற்பத்து மூன்று வயது மைதிலி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, மனு போட்டது நீங்கதானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஜெனிஃபர். மைதிலி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

கூட்டம் குறைந்த பிறகு கிருஷ்ணம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுரங்க வாசலில் டைம் ஆபீஸ் சுவர் ஓரமாக நின்றதையும், குழந்தைக்குப் பால் வற்றிப்போனதையும், யாரோ மலையாளத்து நர்ஸ் ஒருத்தி பிஸ்கட்டைத் தண்ணீரில் கரைத்து ஊட்டியதையும் அவசரமில்லாமல் சொன்னாள். மூன்றாம் நாள் உடம்பை மேலே கொண்டுவந்தபோது பெண்களைக் கிட்டே விடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தன்மார் அவளைக் குடியாத்தத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள்.

“நீங்க படத்துல இன்னா வேணா போட்டுக்கோங்க பாப்பா. பாட்டு போடுங்க, ஃபைட்டு போடுங்க. நான் பூட்டேன்னு மட்டும் போடாதீங்க. நாப்பது வருசமா அத தான் கேட்டுகினு கீறேன்.”

ஜெனிஃபர் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் என்றாள். ஏன் பிடிக்கும் என்று கிருஷ்ணம்மாள் கேட்டதற்கு, வேறு வழியில்லாமல் தன் அம்மா போன கதையைச் சொன்னாள். கிழவி அனுதாபப்படவில்லை.

“போனத நீ பாத்தியா?”

“ஸ்கூல்ல இருந்தேம்மா.”

“அப்ப யாரு சொன்னாங்க?”

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி அவளை உட்காரவிடவில்லை. சீட் கிடைத்தும் எழுந்து நின்றுகொண்டாள். பொம்மசந்திராவில் இறங்கி, நடைபாதையில் நின்றபடியே தங்கவயலுக்கு அப்பாவைக் கூப்பிட்டாள். அம்மா தானாகவே போனாளா என்று நேராகக் கேட்டாள்.

“போனா கண்ணு. சண்ட போட்டுகினுதான் போனா. ஆனா ரெண்டு தபா திரும்பி வந்தா. உன்ன பாக்கறதுக்கு. உங்க அத்த வாசலாண்டயே நிறுத்தி அனுப்பிட்டா. நான் ஒண்ணும் சொல்லல.”

“ஏம்பா சொல்லல?”

“அப்ப எனக்கு வேல இல்ல. மூஞ்சி காட்ட வெக்கமா இருந்துச்சி.”

அம்மாவின் நம்பர் அவரிடம் இருந்தது. அன்றைக்கே ஜெனிஃபர் பேசினாள். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாப்பிட்டியா, எங்க இருக்கே, கல்யாணம் ஆச்சா என்று நான்கு நிமிஷம் பேசினார்கள். அடுத்த வாரமும் பேசலாம் என்று முடிவானது. அதற்குமேல் அந்த முறை ஒன்றும் நடக்கவில்லை.

திங்கள்கிழமை, மைதிலியின் சம்மதத்தோடு, ஜெனிஃபர் குழுவில் எல்லாவற்றையும் எழுதினாள். சித்தார்த் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமாக இருந்த இடங்களைத் தணித்துக் கொடுத்தான். மனு போட்டது என் தவறு, நீக்கிய காட்சியை மீண்டும் சேர்க்கச் சொல்லிக் கேட்போம் என்று முடித்திருந்தாள்.

குழு இரண்டாகப் பிளந்தது. நடந்தது எதுவாக இருந்தால் என்ன, கலை வேறு, நிஜம் வேறு என்றார்கள் சிலர். அந்தப் பெண் இத்தனை வருஷம் எங்கே இருந்தாள் என்று கேட்டார்கள் சிலர். சேஷகிரி எழுதியதுதான் அவளை அறுத்தது. நிர்வாகியைத் தயாரிப்பு நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். விலைக்கு வாங்கியிருந்தால் அவர்கள் சொன்னதற்கு மாறாக ஏன் எழுதுவேன் என்று அவள் கேட்டதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் ஓட்டெடுப்பு நடத்தி அவளை நிர்வாகத்திலிருந்து நீக்கினார்கள். சித்தார்த் தானாகவே விலகினான்.

இயக்குநர் கேசவுக்கு அவள் தனியாக எழுதினாள். அவர் பதில் போட்டார். சென்சார் முடிந்து பிரதி தயாராகிவிட்டது, இனி தயாரிப்பாளர்கள் தொடவிட மாட்டார்கள் என்றார். அடுத்த வாரம் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். வாசகர்கள் கேட்டது அப்படியே என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் தூண் தூணாக அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

படம் வெள்ளிக்கிழமை வெளியானது. ஜெனிஃபர் போவதாக இல்லை. ஆனால் வியாழன் மத்தியானம் மைதிலி போன் செய்து, அம்மா வருகிறேன் என்கிறாள், எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை, நீங்களும் வாருங்கள் என்றாள். அதனால் முதல் நாள் காலைக் காட்சிக்கு, சித்தார்த்தையும் சேர்த்து, நான்கு பேராகப் போனார்கள். கிருஷ்ணம்மாள் ரோஸ் நிறச் சேலை கட்டி, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அரங்கு முழுக்கக் குழுக்காரர்கள். கோழி போட்ட டீ-சர்ட் எத்தனையோ. சிலர் ஜெனிஃபரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கதவு வந்தபோது விசில் பறந்தது. திரையில் வெளிச்சம் விழும் வாசலில் கோழி தலையை ஆட்டி ஆட்டி உள்ளே போயிற்று. புத்தகத்தில் இருந்ததுபோலவே, அச்சு அசல். ஜெனிஃபர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. கைதட்டல் அடங்கிய பிறகு கிருஷ்ணம்மாள் சாதாரணக் குரலில் சொன்னாள்.

“நாங்க கோழியே வளத்ததில்ல.”

அதற்குப் பிறகு இருட்டு வந்தது. பலராமன் பாறைக்கடியில் கிடக்கும் பதினோரு நிமிஷம், பேச்சு இல்லை, இசை இல்லை. தலைவிளக்கின் வட்டம் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. கிருஷ்ணம்மாள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். விளக்கு அணைந்தும் அவள் கை விடவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது கூடத்தில் கேசவ் நின்றிருந்தார். ரசிகர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேஷகிரியும் அங்கேதான் இருந்தார். ஜெனிஃபர் நேராக அந்தக் கூட்டத்துக்குள் நடந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சித்தார்த் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

“ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க. பூங்காவனம் யாருன்னு கேட்டீங்களே. இவங்கதான். பேரு கிருஷ்ணம்மாள்.”

இப்படி ஆகும் என்று கிருஷ்ணம்மாள் எதிர்பார்க்கவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது அறுபது முகங்கள் அவளையே பார்த்தன. சிலர் போனைத் தூக்கினார்கள். கேசவ் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் சேஷகிரிதான் கேட்டார். குரலில் இன்னும் சந்தேகம் இருந்தது.

“மூணு நாளும் அங்கியே நின்னீங்களாம்மா?”

“நின்னேன் சார். நடுவுல ஒரு வாட்டி பாத்ரூம் போனேன். அதுக்குள்ள மேல கொண்ணாந்துடுவாங்களோன்னு ஓடியாந்தேன்.”

தூக்கிய போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சேஷகிரி, உட்காருங்கம்மா என்று பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். பரவாயில்லை, கடைக்குப் போகணும் என்று சொல்லி கிருஷ்ணம்மாள் நடந்தாள்.

அந்தக் கூடத்தில் நடந்தது குழுவுக்குள் எப்படியெல்லாமோ பேசப்பட்டது. சேஷகிரி தன் கையெழுத்தை மனுவிலிருந்து எடுத்துவிட்டதாக இரண்டே வரி எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. படம் நன்றாக ஓடியது. தியோடர் அடுத்த பதிப்புக்காக ஆறு பக்கங்களைத் திரும்ப வரைகிறேன் என்று அறிவித்தார். உடனே அதற்கு எதிராகவும் ஒரு மனு கிளம்பியது.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நால்வரும் அத்திபெலே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்காமல் உங்களைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டேன், தப்பு என்று ஜெனிஃபர் சொன்னாள். கிருஷ்ணம்மாள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உள்ள அப்பிடித்தான் இருந்துருக்குமா? அந்த இருட்டு?”

“தெரியலம்மா. தியோடர் சாரும் உள்ள போனதில்ல. கேட்டு வரைஞ்சதுதான்.”

“நான் மேலயே நின்னுகினு இருந்தேன். அவரு உள்ள எப்பிடி கெடந்தாருன்னு நெனச்சி நெனச்சி பாப்பேன், ஒண்ணும் தெரியாது.” ஜன்னலிலிருந்து திரும்பி, “அந்த எடம் மட்டும் இன்னொரு தபா பாக்கணும்,” என்றாள்.

மைதிலி வேண்டாம் என்பதுபோல அம்மாவின் கையைத் தொட்டாள். கிருஷ்ணம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. புதன்கிழமை கடைக்கு லீவு, அன்றைக்குப் போகலாமா என்று ஜெனிஃபரைத்தான் கேட்டாள். ஜெனிஃபர் போனை எடுத்து, புதன்கிழமைக் காட்சிகள் எத்தனை மணிக்கு என்று தேடத் தொடங்கினாள்.